‘ரன்’ என்ற ஒரே சொல்லை வைத்து ஆங்கில அகராதிகளை உரசிப் பார்த்தால்

ஆங்கில அகராதி ஒன்று தேறுமா தேறாதா என்று பார்க்க, வாயில் நுழையாத சொல்லைத் தேடக் கூடாது. அப்படிப்பட்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும், எல்லா அகராதியும் அதையே சொல்லிவிடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்லைப் போட்டுப் பார்க்க வேண்டும். ‘ரன்’ அதற்குத் தோதான சொல். ‘ஓடு’ என்று படித்து வைத்திருக்கிறோம், அதனால் அகராதியில் யாரும் தேடுவதே இல்லை. மொழிபெயர்ப்பிலும் தேர்விலும் அலுவலக மின்னஞ்சலிலும் சறுக்குவது இந்த மாதிரிச் சொல்லில்தான்.

இங்கே பார்க்கப்போவது காசில்லாமல் இணையத்தில் கிடைக்கும் நான்கு ஆங்கில அகராதிகள்: காலின்ஸ் கோபில்ட், லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு லேனர்ஸ், மெரியம்-வெப்ஸ்டர். கூடவே ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் பக்கமும் ஒரு எட்டு. பெரிய ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியை, அதாவது ஓ.இ.டி.யை, இந்தப் பந்தயத்தில் சேர்க்கவில்லை. அது சந்தா கட்டிப் பார்க்க வேண்டியது, வேலையும் வேறு. ஆனாலும் இந்தச் சொல் எவ்வளவு பெரியது என்று தெரிய அதை ஒரு முறை எட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஓ.இ.டி. இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு உரியது. சுமார் 430 பொருள்கள். மூன்றாம் பதிப்புக்காகப் பழைய பதிவுகளைத் திருத்திக்கொண்டு வந்தபோது அந்த இடத்தை ‘ரன்’ பிடித்துக்கொண்டது. வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லுக்காக ஏறக்குறைய ஒன்பது மாதம் உட்கார்ந்தார். இவ்வளவு பெருத்ததில் இயந்திரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரயில், ஆலை, மோட்டார், கடைசியில் கணினி நிரல் வரை, வேலை செய்யும் எதையும் ஆங்கிலம் ‘ரன்’ ஆக்கிவிட்டது.

ஓ.இ.டி. பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்குகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பொருள் முதலில் நிற்கும், இன்றைக்கு வேண்டியது எங்கோ கீழே கிடக்கும். சொல்லின் வரலாற்றைத் தோண்டுகிறவருக்கு அது பொக்கிஷம். நாளைக்குக் கட்டுரை கொடுக்க வேண்டியவருக்குக் காடு.

சரி, தமிழருக்கு இந்தச் சொல்லில் என்ன சிக்கல்? நம் ‘ஓடு’வும் லேசுப்பட்டதில்லை. ஆறு ஓடுகிறது. மின்விசிறி ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடுகிறது. கடை ஓடுகிறது, வண்டி ஓடுகிறது, நரம்பில் ரத்தம் ஓடுகிறது. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போட்டால் பொருந்தும் அல்லது கிட்டத்தட்டப் பொருந்தும். இந்தப் பொருத்தம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. ஆறேழு இடத்தில் சரியாக வந்துவிட்டதால் எட்டாவது இடத்திலும் வரும் என்று கை தானாகப் போகிறது. எட்டாவது இடத்தில் மூக்கு ‘ஒழுகுகிறது’. துணியில் சாயம் ‘போகிறது’. காய்ச்சல் ‘அடிக்கிறது’. தேர்தலில் வேட்பாளர் ‘நிற்கிறார்’. பத்திரிகை செய்தியை ‘வெளியிடுகிறது’. ஆங்கிலம் இத்தனையையும் ‘ரன்’ என்ற ஒற்றைக் குடையின்கீழ் வைக்கிறது. தமிழ் பெயர்ச்சொல்லைப் பார்த்து அதற்கு ஏற்ற வினையைக் கூட்டிவருகிறது.

இன்னொன்று. தமிழில் தானாக நடப்பது ‘ஓடு’, நடத்தி வைப்பது ‘ஓட்டு’. ஆடு–ஆட்டு, கூடு–கூட்டு என்பதைப் போல. பழைய ஆங்கிலத்திலும் இப்படித்தான் தானே ஓடுவதற்கு ஒரு வினையும் ஓட வைப்பதற்கு அதிலிருந்து பிறந்த இன்னொரு வினையும் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே ‘ரன்’ ஆகிவிட்டன. உறவுமொழியான ஜெர்மனில் இன்றைக்கும் ‘ரின்னென்’ என்றால் ஒழுகுவது, வழிவது. ‘ரென்னென்’ என்றால் கால் தெறிக்க ஓடுவது. ஆங்கில மூக்கு ஏன் ‘ரன்’ ஆகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. பழைய வினைக்கு ஒழுகுவது என்ற பொருளும் உண்டு, அது விட்டுப்போகவில்லை.

ஆகவே அகராதியிடம் ‘ரன் என்றால் என்ன’ என்று கேட்டுப் பயனில்லை. எது ஓடுகிறது, எதை ஓட்டுகிறார்கள், பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்பதைக் காட்டுகிற அகராதி நமக்கு நல்ல அகராதி. ஒரே பொருளுள்ள பத்துச் சொல்லை வரிசையாகக் கொட்டுகிற அகராதி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நமக்கு உதவாது. கீழே நான்கையும் எடைபோட்டது இந்த ஒரு தராசில்தான்.

காலின்ஸ் கோபில்ட்

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் நடந்த திட்டத்திலிருந்து பிறந்தது. முதல் பதிப்பு 1987. உண்மையில் எழுதப்பட்ட, பேசப்பட்ட ஆங்கிலத்தைக் கணினியில் பெருந்தொகையாகச் சேர்த்து, அதிலிருந்து பொருளையும் எடுத்துக்காட்டையும் எடுத்தார்கள். காலின்ஸ் தளத்தில் ஒரு சொல்லைத் தேடினால் இந்த கோபில்ட் பகுதிதான் முதலில் வரும்.

இதன் தனித்தன்மை விளக்கம் எழுதும் முறை. மற்ற அகராதிகள் ‘நிர்வகித்தல், பொறுப்பில் இருத்தல்’ என்ற மாதிரி துண்டாக எழுதும். கோபில்ட் முழு வாக்கியமாக எழுதும்: நீங்கள் ஒரு தொழிலையோ ஒரு நடவடிக்கையையோ ‘ரன்’ செய்தால், அதற்குப் பொறுப்பாக இருக்கிறீர்கள், அல்லது அதை ஏற்பாடு செய்கிறீர்கள் என்கிற தோரணையில். பார்க்கச் சுற்றிவளைப்பது போல இருக்கும். ஆனால் யார் செய்கிறார், எதைச் செய்கிறார் என்பது விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆள் எழுவாயாக வந்து, தொழில் செயப்படுபொருளாக வந்தால் தமிழில் ‘நடத்து’. இயந்திரம் எழுவாயாக வந்து செயப்படுபொருளே இல்லாவிட்டால் ‘ஓடு’ அல்லது ‘இயங்கு’. தமிழ் வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தகவல் கையோடு கிடைக்கிறது.

எடுத்துக்காட்டு வாக்கியத்தின் வாலில் சதுர அடைப்புக்குள் ஒரு குறிப்பு இருக்கும். வினைக்குப் பின் பெயர்ச்சொல் வருகிறதா, ‘இன்’, ‘டு’ போன்ற முன்னிடைச்சொல் வருகிறதா, பெயரடை வருகிறதா என்று சொல்லும். பலரும் அதை அழுக்கு மாதிரித் தாண்டிப் போகிறார்கள். வாக்கியம் எழுதப் போகிறவருக்கு விளக்கத்தைவிட அந்தக் குறிப்புதான் முக்கியம்.

குறை? பக்கம் நீளம். கோபில்ட் முடிந்ததும் அதே பக்கத்திலேயே காலின்ஸின் பிரிட்டிஷ் ஆங்கில அகராதி தொடங்கும். அது முடிந்ததும் அமெரிக்க ஆங்கில அகராதி. மூன்றும் மூன்று விதமாக எழுதப்பட்டவை, எண் வரிசையும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்கியது என்று கவனிக்காவிட்டால், கப்பலோட்டிகளின் வழக்கையும் சுரங்கத்தார் வழக்கையும் பொது வழக்கு என்று நினைத்துக்கொள்வோம். கோபில்ட் பகுதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கைபேசியில் பார்ப்பவருக்கு விரல் வலிக்கும், விளம்பரமும் இடையிடையே வரும்.

லாங்மன்

1978-இல் முதல் பதிப்பு வந்தபோதே ஒரு கட்டுப்பாட்டோடு வந்தது: எல்லா விளக்கத்தையும் சுமார் 2000 எளிய சொற்களுக்குள் எழுதுவது. விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல்லைத் தேடும் அலைச்சல் இதில் குறைவு. பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

‘ரன்’ மாதிரி நீண்ட பதிவில் இது முந்துகிற இடம், ஒவ்வொரு பொருளின் தலையிலும் பெரிய எழுத்தில் நிற்கும் வழிகாட்டிச் சொல். காலால் ஓடுவது, பந்தயம், பொறுப்பில் இருப்பது, இயந்திரம், கணினி, தேர்தல் என்று பேருந்தின் முன்பலகை போல மாட்டியிருக்கும். விளக்கம் எதையும் படிக்காமல் பலகையை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போனால் வேண்டிய இடத்தில் இறங்கிவிடலாம். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் பலவற்றுக்கு ஒலிப்பதிவும் உண்டு. சொல்லின் பக்கத்தில் நிற்கும் ‘எஸ் 1’, ‘டபிள்யூ 1’ என்ற குறிகளுக்கு, அந்தச் சொல் பேச்சிலும் எழுத்திலும் மிக அதிகம் வரும் முதல் ஆயிரம் சொற்களுக்குள் இருக்கிறது என்று பொருள். ‘ரன்’னுக்கு இரண்டும் உண்டு, சொல்லவே வேண்டாம்.

எளிமைக்குக் கொடுக்கும் விலையும் உண்டு. 2000 சொல்லுக்குள் அடைப்பதால் நெருங்கிய இரண்டு பொருளுக்கு இடையே உள்ள நூலிழை வேறுபாடு சில இடங்களில் மழுங்கிவிடும். மொழிபெயர்ப்பாளர் இதோடு நிறுத்தக் கூடாது.

ஆக்ஸ்ஃபோர்டு லேனர்ஸ்

ஏ.எஸ். ஹார்ன்பி தொடங்கிவைத்த வரிசை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தபோது தொகுத்தது, 1942-இல் அங்கேயே முதலில் வெளியானது, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பெயரில் வந்தது. பத்தாம் பதிப்பு 2020. தாய்மொழி வேறாக உள்ளவருக்கென்றே முதல் நாளிலிருந்து எழுதப்பட்டது என்பதால், நாம் எங்கே இடறுவோம் என்று இதற்குத் தெரியும்.

நாம் இடறும் இடம் ‘ரன்’னோடு ஒட்டும் சிறு சொற்கள். ‘அப்’, ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’, ‘டவுன்’, ‘த்ரூ’. இவற்றுக்கு இந்த அகராதி ஒரு குறி போடுகிறது, இருபக்கமும் முனையுள்ள ஒரு சின்ன அம்பு. லாங்மனிலும் இது உண்டு. பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. அதன் பொருள்: செயப்படுபொருளை அந்தச் சிறு சொல்லுக்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம்.

ஒரே சாயலுள்ள மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ‘ஷி ரேன் அப் தி ஸ்டெப்ஸ்’, ‘ஷி ரேன் அப் எ டிரஸ்’, ‘ஷி ரேன் அப் எ பில்’. முதலாவதில் அவள் படியேறி ஓடினாள். இரண்டாவதில் ஒரு உடுப்பை மளமளவென்று தைத்து முடித்தாள். மூன்றாவதில் கட்ட வேண்டிய பில் ஏறிக்கொண்டே போகும்படி விட்டாள். கண்ணுக்கு மூன்றும் ஒரே அச்சு. ‘அப்’பை நகர்த்திப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ‘ரேன் எ டிரஸ் அப்’ சரி, ‘ரேன் எ பில் அப்’ சரி, ‘ரேன் தி ஸ்டெப்ஸ் அப்’ ஆங்கிலமே இல்லை. முதல் வாக்கியத்தில் ‘அப்’ படியோடு சேர்ந்தது, மற்ற இரண்டில் வினையோடு சேர்ந்தது. அம்புக்குறி இந்தச் சோதனையை நமக்காக ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. ‘ரன் இன்டு’வுக்கு அம்பு கிடையாது. எதன்மேல் மோதினாலும், வழியில் யாரைத் தற்செயலாகப் பார்த்தாலும், எந்தச் சிக்கலில் மாட்டினாலும், செலவு லட்சக்கணக்கில் போனாலும் ‘இன்டு’ இடம் நகராது.

இந்தத் தளத்தின் ஒரு அசௌகரியம்: இப்படிச் சிறு சொல் சேர்ந்தவை தனித்தனிப் பக்கமாகப் பிரிந்து கிடக்கின்றன. முதன்மைப் பக்கத்தின் அடியில் இணைப்பு மட்டும் இருக்கும். ‘ரன் டவுன்’ என்பதையும் ‘ரன் ஓவர்’ என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு ஜன்னல் திறக்க வேண்டும். அச்சுப் புத்தகத்தில் இந்தத் தொல்லை இல்லை, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

ஒலிப்பு பிரிட்டிஷ், அமெரிக்கன் என இரண்டும் உண்டு. நாடு வாரியான குறிப்பும் ஒழுங்காக இருக்கிறது. அது வேண்டியதுதான். தேர்தலில் போட்டியிடுவதற்கு அமெரிக்காவில் ‘ரன்’, பிரிட்டனில் ‘ஸ்டான்ட்’. அங்கே ஓடுகிறார்கள், இங்கே நிற்கிறார்கள். தமிழ் இதில் பிரிட்டன் பக்கம்: வேட்பாளர் நிற்கத்தான் செய்கிறார். காலுறையில் இழை விட்டுக் கோடாகக் கிழிவது அமெரிக்கருக்கு ‘ரன்’, பிரிட்டிஷ்காரருக்கு ஏணி, அதாவது ‘லேடர்’. சிவப்பு விளக்கில் நிற்காமல் போவது அமெரிக்காவில் ‘ரன் எ ரெட் லைட்’, பிரிட்டனில் ‘ஜம்ப்’. ‘ரன் எ கார்’ பிரிட்டிஷ் வழக்கு. அது கார் ஓட்டுவது இல்லை, சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டு பெட்ரோலும் காப்பீடும் பழுதுச் செலவும் கட்டி மாள்வது. ‘கார் வைத்துக் கட்டுப்படியாகாது’ என்று நாம் சொல்கிறோமே, அந்த ‘வைத்து’தான். இதை ‘கார் ஓட்ட முடியவில்லை’ என்று மொழிபெயர்த்தால் அந்த ஆளுக்கு உரிமம் இல்லை போல என்று வாசகர் நினைப்பார்.

மெரியம்-வெப்ஸ்டர்

நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அமெரிக்க அகராதியின் வாரிசு. தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிற அமெரிக்கருக்கு எழுதியது. பொருள்கள் வரலாற்று வரிசையில் வரும். எது அதிகப் புழக்கம் என்பது வரிசையை வைத்துத் தெரியாது. எண்ணுக்குள் எழுத்து, எழுத்துக்குள் இன்னொரு எண் என்று பொருள்கள் அடுக்கடுக்காகப் பிரியும். ‘ரன்’ மாதிரிப் பதிவில் இது வழக்கறிஞர் பத்திரம் படிக்கிற மாதிரி.

ஆனால் வரையறை என்ற கலையில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்ற அகராதிகள் ஓடுவதை ‘நடப்பதைவிட வேகமாகப் போவது’ என்று முடித்துவிடும். மெரியம்-வெப்ஸ்டர் ஒவ்வொரு எட்டிலும் இரண்டு பாதமும் ஒரு கணம் தரையை விட்டு எழும்ப வேண்டும் என்கிறது. வேகம் மட்டும் அளவுகோல் இல்லை, பாதமும்தான். நடைப் போட்டியில் நடுவர்கள் பார்ப்பதும் இதைத்தான்: வெறும் கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு காலும் தரையை விட்டால் அது நடை இல்லை.

தொடக்கநிலையில் இருப்பவர் இந்தத் தளத்தை விட்டுவிட்டு, அதே நிறுவனத்தார் வெளிநாட்டு மாணவருக்கு எழுதியதைப் பார்க்கலாம். அது இப்போது பிரிட்டானிக்கா அகராதி என்ற பெயரில் இருக்கிறது. அமெரிக்க ஆங்கிலம் வேண்டும், எளிமையும் வேண்டும் என்றால் அதுதான்.

தமிழில் என்ன கிடைக்கிறது

சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராக வைத்து வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்னும் கனமான நூல்தான். சொல்வளத்துக்கும் துறைச் சொல்லுக்கும் போய்ப் பார்க்கலாம். ஆனால் ‘ரன்’னுக்கு அது தருவது காற்புள்ளி போட்ட தமிழ்ச் சொற்களின் ஊர்வலம். எந்தச் சொல் எந்த வாக்கியத்துக்கு என்று சொல்ல எடுத்துக்காட்டு வாக்கியம் கிடையாது. ஏற்கெனவே பொருள் புரிந்தவருக்கு நல்ல தமிழ்ச் சொல் எடுத்துக்கொடுக்கும். புரியாதவருக்குப் புரியவைக்காது.

கேம்பிரிட்ஜ் தளத்தில் ஆங்கிலம்–தமிழ்ப் பகுதி ஒன்று இருக்கிறது. ஆங்கில விளக்கம், அதன்கீழ் தமிழ்ச் சொல், எடுத்துக்காட்டு என்று ஒழுங்காக இருக்கும். அடிப்படைப் பொருளுக்குப் போதும். ஆழமாகப் போக வேண்டுமென்றால் அதே தளத்தின் ஆங்கிலப் பகுதிக்கே திரும்ப வேண்டும்.

பலரும் மறந்துவிடுகிற உதவி எதிர்த்திசையில் இருக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் ‘ஓடு’, ‘ஓட்டு’, ‘நடத்து’, ‘இயக்கு’ ஆகிய நான்கையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பு 1992, விரிவாக்கிய பதிப்புகள் 2008-இலும் 2020-இலும் வந்தன. ஒவ்வொரு பொருளுக்கும் இன்றைய தமிழ் வாக்கியம் எடுத்துக்காட்டாக இருக்கும், ஆங்கிலத்திலும் பொருள் தந்திருப்பார்கள். ஆங்கில வாக்கியத்துக்குத் தமிழில் எந்த வினை இயல்பு என்று சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்ள இதைவிட நம்பகமான இடம் இல்லை.

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011-இல் சேர்ந்தது. ‘ரன்’ என்று ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் ‘ஓடு’ என்று வரும், அதில் தப்பு சொல்ல முடியாது. முழு வாக்கியமாகக் கொடுத்தால்தான் அதற்கும் பிடிகிடைக்கும். மென்பொருளைத் தமிழாக்குகிறவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை: பொத்தானின் மேல் இருக்கும் ‘ரன்’ எப்போதும் தனியாகவே வரும், எந்தச் சூழலில் வருகிறது என்பது கோப்பில் இருக்காது. அங்கே ‘ஓடு’ என்று போட்டால் பயன்படுத்துகிறவரைத் துரத்துகிற மாதிரி இருக்கும். ‘இயக்கு’தான் சரி.

தேடும் முறை

நீளமான பதிவைப் பார்த்ததும் மேலிருந்து படிக்கத் தொடங்குவது பெரிய தவறு. முதலில் வாக்கியத்தில் அது பெயரா வினையா என்று பார்க்க வேண்டும். முன்னால் ‘எ’ அல்லது ‘தி’ இருந்தால் பெயர், பெயருக்குத் தனிப் பதிவு உண்டு. வங்கியில் போட்ட பணத்தை எடுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பது, கோழிகளைத் திறந்துவிடும் வலையடைப்பு, அச்சில் ஒரு தடவைக்கு எத்தனை படி, தொடர்ந்து வரும் கெட்ட நேரம், பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும் தினசரிப் பயணம் எல்லாம் அங்கேதான் இருக்கும். ‘தி ரன்ஸ்’ என்று பன்மையில் வந்தால் வயிற்றுப்போக்கு, அலுவலக விடுப்புக் கடிதத்தில் எழுதுகிற சொல் இல்லை.

வினை என்று தெரிந்தால் அடுத்த சொல்லைப் பார்க்க வேண்டும். ‘அப்’, ‘அவுட்’ வகையறா நின்றால் நேராகப் பதிவின் அடிக்குப் போய்விடலாம், மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். பெயரடை நின்றால் அது தனி வகை. ‘ரன் ஷார்ட்’, ‘ரன் லோ’, ‘ரன் டிரை’, ‘ரன் லேட்’, ‘ரன் வைல்டு’. இங்கே ‘ரன்’ கிட்டத்தட்ட ‘ஆகு’. குறைந்துபோகிறது, வற்றிப்போகிறது, தாமதமாகிறது. சேரும் பெயரடைகள் எண்ணி எடுக்கிற அளவுதான். ‘ரன் ஹேப்பி’ என்று நாமாக உருவாக்க முடியாது. பெயர்ச்சொல் நின்றால் அந்தப் பெயர்ச்சொல் எந்தப் பொருளின் எடுத்துக்காட்டில் வருகிறது என்று பார்த்தால் போதும், எண்ணும் விளக்கமும் அப்புறம். ‘பாத்’ என்றால் குளிக்கத் தொட்டியில் தண்ணீர் பிடிப்பது, ‘ஸ்டோரி’ என்றால் செய்தி வெளியிடுவது, ‘டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல், ‘ரிஸ்க்’ என்றால் ஆபத்துக்குத் துணிவது. ஒன்றுமே பின்னால் நிற்காவிட்டால் எழுவாயைப் பார்க்க வேண்டும். ‘தி டாப் வாஸ் ரன்னிங்’ என்றால் குழாய் ஓடவில்லை, திறந்து கிடந்தது. ‘தி கான்ட்ராக்ட் ரன்ஸ் டில் மார்ச்’ என்றால் ஒப்பந்தம் மார்ச் வரை செல்லும்.

இவ்வளவும் செய்தாலும் தவறு நுழைகிற ஒரு வாசல் உண்டு. ‘ரன் அவுட்’டும் ‘ரன் அவுட் ஆஃப்’பும். தீர்ந்துபோகிற பொருள் எழுவாயானால் ‘தி மில்க் ஹேஸ் ரன் அவுட்’. ஆள் எழுவாயானால் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. தமிழில் இரண்டுக்கும் ‘பால் தீர்ந்துபோச்சு’ ஒன்றே ஒன்றுதான், பாலே எழுவாய். அதனால் ‘தி மில்க் ஹேஸ் ரன் அவுட் ஆஃப்’ என்று ‘ஆஃப்’ வாலை ஒட்டிவிடுகிறோம், அல்லது ‘வி ஆர் ரன் அவுட் மில்க்’ என்று விட்டுவிடுகிறோம். இந்த நான்கு அகராதியிலும் இரண்டும் தனித்தனியாக எடுத்துக்காட்டோடு இருக்கின்றன, ஆனால் தமிழ் மண்டைக்குள் எழுவாய் மாறுகிறது என்று எந்த ஆங்கில அகராதியும் சொல்லாது. அதை நாம்தான் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கிரிக்கெட்டில் இதே ‘ரன் அவுட்’டுக்கு வேறு இலக்கணம். கிரிக்கெட் விதிகளில் 38-ஆவது அதற்கு உரியது: பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஆட்டக்காரர் கோட்டுக்கு வெளியே இருக்க, எதிரணி விக்கெட்டை முறையாகக் கலைத்துவிட்டால் அவர் அவுட். ஆங்கிலத்தில் அது செயப்பாட்டு வினை, ‘ஹி வாஸ் ரன் அவுட்’. ‘ஹி ரேன் அவுட்’ என்று எழுதினால் அவர் வெளியே ஓடிவிட்டார் என்று பொருள். அதே விளையாட்டில் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் ஒரு அடிகூட ஓடாமல் நான்கு ‘ரன்’ வரும். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் அதையும் ‘நான்கு ஓட்டங்கள்’ என்றே எழுதுகின்றன. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பெரும்பாலும் ‘ரன்கள்’ என்று விட்டுவிடுகின்றன.

கடைசியாக, எந்த அகராதியைத் திறந்தாலும் பதிவின் தலையில் இருக்கும் வினை வடிவங்களை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ரன், ரேன், ரன். மூன்றாவது வடிவம் முதலாவதற்கே திரும்பிவிடுகிறது. ‘ஹேஸ் ரேன்’ என்று எழுதுவது நம் ஊர் விண்ணப்பக் கடிதங்களில் சாதாரணமாகக் காணக் கிடைக்கிறது. சொல்திருத்தி மென்பொருள் அதைப் பிடிக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம், ‘ரேன்’ தனியாகப் பார்த்தால் எழுத்துப் பிழையே இல்லாத சொல்.